ஃபேனை நிறுத்திட்டு போன் போடுங்க: கண் தானம் கேள்வி பதில்

ஆகஸ்ட் 25ல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் கண் தான இருவாரம் வந்தாலே கேள்வி குவிஞ்சிடும். இதுல பாதி ஏற்கனவே பதில் சொன்னதுதான், பரவால்ல, திரும்ப சொல்றேன்.

திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து: அப்பாவுக்கு சுகர், பிபி, ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் ஆகி லென்ஸ் வெச்சிருக்கு. அவர் கண்ணை எடுத்துப்பாங்களா?

எடுத்துப்பாங்க. வயசும் தடை இல்ல, கண்ணாடியும் தடை இல்ல. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய், ரத்தத்துல கிருமி பரவி இறந்தது, இந்த மாதிரி கேஸ்லதான் வேணாம்பாங்க. அதையும் நீங்களா முடிவு கட்டாதீங்க. இறந்தவங்க கண்ணை எடுத்து பத்திரப்படுத்தற கண் வங்கிக்கு போன் போடுங்க, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணி அவங்க பாத்துப்பாங்க.

முதுநகர்ல இருந்து: கண் நீர் அழுத்தத்துல (கிளாகோமா) அம்மாவுக்கு நரம்பு போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. என் ஒரு கண்ணை குடுக்கலாமா?

உங்க மனசு புரியுது தம்பி, ஆனா உயிரோட இருக்கறவங்க கண்ணை யாரும் எடுக்க மாட்டாங்க. மாத்தறது கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற கருவிழி (கார்னியா) மட்டும்தான், முழு கண்ணு கிடையாது. நரம்போ விழித்திரையோ போயிருந்தா கருவிழியை மாத்தி பிரயோஜனமே இல்ல.

ஊர் பேர் போடாதவர்: பார்வை மங்கலா இருக்கு. கருவிழி மாத்தினா சரியாகுமா, எவ்ளோ செலவு?

வயசு எழுதல, சுகர் இருக்கான்னு எழுதல, எந்த கண்ணுன்னு கூட எழுதல. நான் என்ன ஜோசியமா பாக்கறேன்? முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, புரையா இருந்தா அது வேற ஆபரேஷன்.

லாஸ்பேட்டையில இருந்து: ஆன்லைன்ல உறுதிமொழி குடுத்து சர்டிபிகேட் டவுன்லோட் பண்ணிட்டேன். இது போதும்ல?

போதாது சார். நீங்க போனப்புறம் அந்த சர்டிபிகேட்டை போன் லாக்கை திறந்து யாரு எடுத்து காட்டப் போறா? கையெழுத்து போட வேண்டியது உங்க வீட்ல இருக்கற நெருங்கின சொந்தம், கூட ரெண்டு சாட்சி. நீங்க உறுதிமொழி அட்டை எழுதிக் குடுத்திருந்தாலும் அவங்க வேணாம்னுட்டா நாங்க திரும்பி வந்துடுவோம், அட்டையே இல்லாம அவங்க சரின்னா எடுத்துப்போம். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு வீடு, பெரியவர் அட்டை எழுதி பீரோவுல ரேஷன் கார்டோட கவர்ல பத்திரமா வெச்சிருக்கார், ராத்திரி உயிர் போச்சு, பெங்களூர்ல இருந்து பையன் வரட்டும்னு காத்திருந்திருக்காங்க, அவர் விடியக்காலம் வந்து பீரோவை திறந்தப்பறம்தான் எங்களுக்கு போன். நாங்க போறப்போ தலைக்கு மேல ஃபேன் அஞ்சுல ஓடுது, கண்ணு பாதி திறந்தபடி இருக்கு, கருவிழி காஞ்சு பளபளப்பே போயிடுச்சு. எடுத்துட்டுதான் வந்தோம், பார்வைக்கு ஆகல. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும்யா, பையனுக்கு போன் போட்ட கையோட கண் வங்கிக்கும் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்! அவங்க வந்து எடுக்க இருபது நிமிஷம், வீட்டுக்கே வருவாங்க, ஒரு பைசா வாங்க மாட்டாங்க, மூஞ்சி விகாரமா எல்லாம் ஆகாது. அவங்க வர்றதுக்குள்ள நீங்க செய்ய வேண்டியது: ஃபேனை நிறுத்துங்க, ஏசி இருந்தா போடுங்க, இமையை மூடி ஈரப்பஞ்சு வைங்க, தலைக்கு தலையணை வெச்சு கொஞ்சம் உயர்த்துங்க, டாக்டர் எழுதின இறப்பு சான்றை கையில வெச்சுக்கோங்க. ஃப்ரீசர் பெட்டியில வெச்சாலும் இமை மூடியிருக்கணும். 1919க்கு போடலாம், இல்ல பக்கத்து கண் வங்கி நம்பரை பொண்டாட்டி, புள்ளைங்க போன்ல இன்னைக்கே ஏத்தி விடுங்க. அந்த சர்டிபிகேட்டை ஸ்டேட்டஸ்ல வெக்கறதை விட இது மேல்.

பண்ருட்டியில இருந்து: கரும்பு தோகை கண்ணுல கிழிச்சிடுச்சு. மெடிக்கல்ல சொட்டு மருந்து குடுத்தாங்க, சிவப்பு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, இப்போ வெள்ளையா தெரியுது.

அந்த சொட்டு மருந்துல ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். தோகை, நெல்லு, முந்திரி குச்சி பட்ட புண்ணுல பூஞ்சை ஏறும், ஸ்டீராய்டு விட்டா சிவப்பு அடங்கற மாதிரி காட்டும், உள்ள பூஞ்சை நல்லா வளரும். அப்பறம் பூ விழுந்து கருவிழி மாத்தற அளவுக்கு போயிடும். சீட்டு இல்லாம கண்ணுக்கு சொட்டு வாங்காதீங்கன்னு தொண்டை வத்த சொல்றேன். தாய்ப்பால், பச்சிலை சாறு, நாக்கால தூசி எடுக்கறது, அதுவும் வேணாம். ஜிப்மரோ தவளக்குப்பம் அரவிந்தோ, எது கிட்டன்னு பாத்து நாளைக்கு காலையில போயிடுங்க, சொட்டு பாட்டிலையும் எடுத்துட்டு போங்க.

வடலூர்ல இருந்து: கண்ணை குடுத்தா அடுத்த ஜென்மத்துல குருடா பொறப்போம்னு பாட்டி சொல்றாங்க.

வள்ளலார் ஊர்ல இருந்து இந்த கேள்வியா! இலங்கையில ஹட்சன் சில்வா 1961ல ஆரம்பிச்ச சங்கத்துல இருந்து வெளிநாட்டுக்கெல்லாம் கருவிழி போகுது, கண்ணு குடுத்தா அடுத்த பிறவிக்கு புண்ணியம்னு அங்க நம்பறாங்க. நம்ம எழும்பூர்ல கண் வங்கி 1945லயே வந்துடுச்சு. பாட்டிகிட்ட பொறுமையா சொல்லுங்க, கையெழுத்து போடற நாள்ல தடுக்கறது பெரும்பாலும் பாட்டிங்கதான்.

அரியாங்குப்பத்துல இருந்து: ஒருத்தர் கண்ணு எத்தனை பேருக்கு? யாருக்கு போச்சுன்னு சொல்வாங்களா?

ரெண்டு பேருக்கு. இப்போ கருவிழியை அடுக்கு அடுக்கா பிரிச்சு வெக்கறதால சில சமயம் அதுக்கு மேலயும். பேர் சொல்ல மாட்டாங்க, கேக்காதீங்க.

சிதம்பரத்துல இருந்து: கருவிழி மாத்தி எட்டு மாசம் ஆகுது, பார்வை நல்லா இருந்ததால சொட்டு மருந்தை நிறுத்திட்டேன். ரெண்டு நாளா சிவப்பு, வெளிச்சம் கூசுது. என்ன பண்ணலாம்?

இதை எழுதிட்டு பதிலுக்கு காத்திருக்கீங்களா? சிவப்பு, கூச்சம், மங்கல், வலி, இதுல ஒண்ணு வந்தாலும் உடம்பு அந்த கருவிழியை ஒதுக்குதான்னு அன்னைக்கே பாக்கணும். மேல வேணாம்னு சொன்ன அதே ஸ்டீராய்டு சொட்டுதான் உங்களுக்கு காவல், அதை டாக்டர்தான் குறைக்கணும், நீங்க இல்ல. சீக்கிரம் போனா பெரும்பாலும் காப்பாத்திடலாம். ஃபைலை எடுத்துக்கிட்டு ஆபரேஷன் பண்ண எடத்துக்கே இப்பவே கிளம்புங்க.