மலை இறக்கத்தை நம்பிப் பெரிய பேட்டரி போடலாமா?

கேள்வி: குன்னூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாணவர் ரேஸ் கார் போட்டிக்காக 373 சிசி பைக் எஞ்சினோடு மோட்டார் சேர்த்து ஹைப்ரிட் கார் கட்டுகிறோம். மலை இறக்கத்தில் நிறைய கரண்ட் திரும்பக் கிடைக்கும், 5 யூனிட் பேட்டரி போடுங்கள் என்கிறார் கோவையில் ஒருவர். பழைய செல்களை வைத்துப் பாதி விலைக்குச் செய்து தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஓட்டுநரோடு சேர்த்துக் கார் 300 கிலோ என்று வையுங்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,500 மீட்டர் இறங்கி, துளி வீணாகாமல் பிடித்தாலும் தேறுவது 1.2 யூனிட்தான். உங்கள் போட்டி நடப்பதோ சமதள டிராக்கில். அங்கே 60 கிமீ வேகத்திலிருந்து பிரேக் அடித்து நின்றால் மொத்தமே 12 வாட்-மணிக்கும் குறைவு (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி), அதிலும் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால் பின்சக்கர மோட்டாருக்குப் பாதி வந்தாலே பெரிய விஷயம். இதற்காக 30 கிலோவுக்கு மேல் பேட்டரி சுமப்பதா?

ஆனால் அந்தக் கொஞ்சமும் இரண்டே நொடியில் 10 கிலோவாட் வேகத்தில் வந்து விழும். அதனால் சின்ன பேக் போதும், வேகமாகச் சார்ஜ் வாங்கும் செல்லாக இருக்க வேண்டும். அவர் காட்டும் ஸ்கூட்டர், லேப்டாப் செல்களுக்கு அந்தத் தெம்பு கிடையாது. கழித்துக் கட்டியதைப் பிரித்து, புது உறை மாட்டி விற்கிற கூட்டம் இது. 18650 என்கிற, விரல் போன்ற உருளை செல்லில் 5,000, 6,000 மில்லியாம்பியர்-மணி என்று அச்சடித்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், நல்ல கம்பெனி செல்லே 3,600 பக்கம்தான் வரும். ஒவ்வொரு செல்லுக்கும் உள்தடை, அதாவது கரண்ட் ஓட்டத்தைச் செல்லே எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள், ஆள் நழுவுவார். இப்படிப்பட்டவர் உள்ளே வர வழி விடுவதே கல்லூரிதான்: மூன்று கொட்டேஷன் வாங்கு, குறைந்த விலைக்குக் கொடு என்பார்கள், அந்தக் காசும் போட்டி முடிந்த பிறகுதான் கைக்கு வரும்.

ரீஜெனை, அதாவது பிரேக் பிடிக்கும்போது மோட்டார் வழியாகக் கரண்டைப் பேட்டரிக்குத் திருப்புவதை, அடியோடு நிறுத்த வேண்டிய நேரம் ஒன்று உண்டு. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழுந்த காலையில் ஓட்டிப் பார்க்கப் போனால், செல் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றவே கூடாது. ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், அது வளர்ந்து பின்னால் ஷார்ட் ஆகலாம், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரண்ட் எடுத்து ஓட்டுவதில் அவ்வளவு ஆபத்து இல்லை, உள்ளே அனுப்புவதில்தான் வில்லங்கம். வெயில் வந்துவிட்டதே என்று நம்பாதீர்கள், காற்று சூடாகியும் பெட்டிக்குள் செல் வெகுநேரம் ஜில்லென்றே இருக்கும். சென்சாரைச் செல்லோடு ஒட்டி வையுங்கள், 5 டிகிரி தாண்டும்வரை ரீஜென் வராதபடி கன்ட்ரோலரில் பூட்டிவிடுங்கள்.

அப்புறம், குன்னூர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சின் ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும், மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே ஓட்டிப் பார்த்து இரண்டுக்கும் வேலையைப் பிரிக்காதீர்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்னாலாவது காரைக் கீழே இறக்கி டியூன் செய்யுங்கள், லாரியில் ஏற்றித்தான்.