பழைய கார் டிங்கரிங்: கேட்டதும் சொன்னதும்

மதுரை, சுற்றுவட்டாரத்தில் வீட்டுக் கொட்டகையிலேயே பழைய காரைப் பிரித்துப் போட்டு டிங்கரிங், அதாவது பாடித் தகட்டு வேலை, பார்க்கிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. என்ஜின் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அது வேறு கச்சேரி.

அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, அங்கங்கே பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. சுரண்டிப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் போதுமா அண்ணே? (திருமங்கலம்)

போதாது தம்பி. தகட்டின் உள்பக்கம் தொடங்கிய துரு வெளியே தலைகாட்டுவதுதான் பெரும்பாலும் அந்தக் கொப்புளம். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி முழுக்க ஓட்டிப் பாருங்கள். பிடிக்காமல் நழுவுகிற இடத்தில் பழைய பட்டி கனமாக இருக்கிறது. அப்புறம் கால் மிதிக்கும் விரிப்பைத் தூக்கிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் வண்டியின் தரையைத் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் தகடு இருக்கிறது, ‘தொப்’ என்றால் முனையால் குத்திப் பாருங்கள். கதவின் அடி, கதவுக்குக் கீழே ஓடும் சில், டிக்கியில் ஸ்டெப்னி பள்ளம், சக்கர வளைவு ஆகியவை கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்.

பத்மினிக்கும் அம்பாசடருக்கும் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரையும் சில்லும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அங்கே துரு என்றால் அது அழகுப் பிரச்சினை இல்லை.

சில் இரண்டு பக்கமும் அரித்துவிட்டது. என்னிடம் ஆர்க் வெல்டிங் மிஷின் இருக்கிறது. என்ன கேஜ் தகடு போடலாம்? (உசிலம்பட்டி)

ஆர்க் மிஷினைக் கேட் கிரில்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் அது ஓட்டைதான் போடும். கேஸ் வெல்டிங் கை பழகியவருக்கு நன்றாக வரும். வீட்டில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு 0.8 மி.மீ. கம்பி போட்ட மிக் மிஷின்தான் (கம்பி தானாக வந்து உருகும் வெல்டிங் மிஷின்) சுலபம். வெளித்தகடுகளுக்கு 20 கேஜ் சிஆர் ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு), அதாவது சுமார் 0.9 மி.மீ. சில்லுக்கும் தரையில் பாரம் தாங்கும் இடங்களுக்கும் அதைவிடக் கனமான 18 கேஜ்.

வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்காக ஒரு பைப்பை டாக் (சின்னப் பொட்டு வெல்டிங்) போட்டுக் கட்டுங்கள். வண்டி சமமாக நிற்க வேண்டும், ஸ்டாண்ட் சில்லைத் தொடவே கூடாது. ஒரு பக்கம் முழுக்க முடித்த பிறகுதான் மறுபக்கம் வெட்ட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் அறுத்துப் போட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் சாத்தாது. புதுத் தகட்டை டாக் மட்டும் போட்டுக் கதவை மாட்டி இடைவெளியைப் பாருங்கள். மேலும் கீழும் ஒரே அளவில் இருந்தால்தான் முழு வெல்டிங்.

அதையும் ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறவிட்டு நடுவில் ஒன்று. அவசரப்பட்டால் தகடு அப்பளம்போல நெளிந்துவிடும், நிமிர்த்துவதற்கு வெல்டிங்கைவிட அதிக நேரம் ஆகும்.

இன்னொன்று. முதல் பொறி பறக்கும் முன்பே பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வைத்துவிடுங்கள். காலி டேங்க்தானே என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே ஆவி நிற்பதால் காலி டேங்க்தான் அதிக ஆபத்து.

துருவுக்கு ஆசிட் ஊற்றலாமா? (மேலூர்)

பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். தகட்டு மடிப்புக்குள் புகுந்தால் கழுவி எடுக்க முடியாது, பெயின்டுக்குக் கீழே இருந்து மறுபடி அரிக்கும். கழற்ற முடிந்த சின்னப் பாகங்களை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, உடனே காயவைத்து பிரைமர் அடியுங்கள். பாடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி சரிப்படும். ஓட்டை விழுந்த தகட்டை எந்த மருந்தும் திரும்பத் தராது. வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த ஒரே வருடத்தில் வெடித்துவிட்டது. பட்டி மட்டமா? (செல்லூர்)

பட்டியைத் திட்டாதீர்கள். டாலியும் (தகட்டுக்குப் பின்னால் பிடிக்கும் இரும்புக் கட்டை) சுத்தியும் வைத்து நசுங்கலை எடுக்காமல், பள்ளத்தை முழுக்கப் பட்டியாலேயே நிரப்பியிருப்பார்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி ஏறக்கூடாது. பட்டி தண்ணீரை உறிஞ்சும். பிரைமர் மூடாமல் ஒரு மழையில் நனைந்தால் ஈரம் தகடு வரை போய்விடும். பட்டியை உலர்வாகத் தேயுங்கள், வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) வேலையைப் பிரைமருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியை இறுகவைக்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது பொதுக் கணக்கு. சித்திரை வெயிலில் அந்த அளவே பலகையில் இறுகத் தொடங்கிவிடும். காலையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடுங்கள்.

போர்வெல் தண்ணீரும் கவனம். பிரைமரைத் தேய்த்த உப்புத் தண்ணீர் அப்படியே காய்ந்தால், அந்த உப்பு மேல் கோட்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் எழுப்பும். கடைசிக் கழுவலுக்கு ஆர்ஓ தண்ணீர் ஒரு கேன் வாங்குங்கள்.

எந்த மாதம் பெயின்ட் அடிக்கலாம்? என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டா, பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்டா? (ஒத்தக்கடை)

தை, மாசி. ஆடிக் காற்றில் தூசி, ஐப்பசி கார்த்திகையில் ஈரம். ஈரக் காற்றில் என்.சி. வெள்ளை பூக்கும்.

வீட்டுக்கு என்.சி.தான் என் சிபாரிசு. பி.யூ. பளபளப்பும் உழைப்பும் அதிகம்தான். ஆனால் அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக் குழலைக் கெடுக்கும். கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கிற பெயின்ட் இல்லை அது, வெளிக்காற்று குழாயில் வரும் முகமூடி வேண்டும். அது இல்லையென்றால் பெயின்ட் அடிக்கும் மூடிய அறை (பூத்) இருக்கிற கடையில் கொடுத்துவிடுங்கள்.

மாமனாரின் 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மகன் கூரையை அறுத்துத் திறந்த காராக்கிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்கிறான். செய்யலாமா சார்? (அண்ணா நகர்)

அறுக்கவிடாதீர்கள் அம்மா. 2021 விதிகளின்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை வாடகைக்கும் விட முடியாது. ஹெரால்டு தனிச் சேஸிஸ் வண்டி, பாடியைப் போல்ட் கழற்றித் தூக்கலாம். தம்பிக்குக் கை அரித்தால் அந்த வேலையைக் கொடுங்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது. இனி என்ன? (பழங்காநத்தம்)

சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு கலந்த துருத் தடுப்பு எண்ணெயை நீளக் குழாய் விட்டு அடியுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளைகளைப் பெயின்ட் அடைத்திருக்கும். கம்பி விட்டுத் திறந்துவிட்டு, மேலே கண்ணாடி ரப்பர் பக்கம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அவ்வளவும் கீழே வடிய வேண்டும்.