ஆண் மூளை, பெண் மூளை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

மூளையின் எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். ஆண், பெண் மூளை வேறுபாடு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டாக்டர், பெயரை மறைத்து ஒரு மூளைப் படத்தைக் கொடுத்தால் அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவீர்களா?

உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிதாக இருந்தால் ஆண் என்று ஊகிக்கலாம். அந்த ஊகம் அடிக்கடி தவறும். சராசரியாக ஆண் மூளை சுமார் 11 சதவீதம் பெரியது. உயரத்தைப் போலத்தான் இதுவும். ஆண்களின் சராசரி உயரம் அதிகம், ஆனாலும் பல ஆண்களைவிட உயரமான பெண்கள் எங்கும் இருக்கிறார்கள்.

ஆயிரக்கணக்கான படங்களைக் கொடுத்துப் பழக்கிய கணினி, பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொல்லிவிடுகிறது. தலையின் அளவு அதற்குப் பெரிய துப்பு. அளவை ஈடுகட்டிவிட்டுக் கேட்டால் சரியான விடைகள் கணிசமாகக் குறைகின்றன.

கேள்வி: பெரிய மூளை என்றால் அறிவும் கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்? தப்பாக நினைக்காதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. 19ஆம் நூற்றாண்டின் பெரிய அறிஞர்களே இப்படித்தான் நினைத்தார்கள். பிரான்சில் பால் புரோக்கா மூளைகளை எடை போட்டு, பெண்ணின் மூளை சிறியதாக இருப்பதற்கு அறிவுக் குறைவும் ஒரு காரணம் என்று எழுதினார். இங்கிலாந்தில் ஜார்ஜ் ரோமனேஸ் 1887இல், பெண் மூளையில் 5 அவுன்ஸ் குறைகிறது, ஆகவே அறிவும் குறையும் என்று வாதிட்டார். அந்தக் காலத்தில் பெண்களுக்குக் கல்லூரிக் கதவைச் சாத்தி வைப்பதற்கு இந்த எடைக்கணக்கு நன்றாகவே பயன்பட்டது. அதைப் படிக்கும்போது இன்றும் எனக்கு மனம் வலிக்கும்.

அளவுதான் அறிவு என்றால் யானையும் திமிங்கிலமும் நம்மை மிஞ்சியிருக்க வேண்டும். ஐன்ஸ்டைனின் மூளை 1,230 கிராம்தான், ஆண்களின் சராசரியைவிடக் குறைவு. இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் 1997இல் மூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளி அடுக்கில் உள்ள நியூரான்களை (நரம்பணுக்களை) எண்ணிப் பார்த்தார்கள். ஆண்களில் சராசரியாக 2,280 கோடி, பெண்களில் 1,930 கோடி. இருந்தும் பொது அறிவுத்திறன் சோதனைகளில் இருபாலரின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. புறணியின் தடிமனோ பெண்களிடம் சற்று அதிகம். ஒரே திறனுக்கு மூளை வெவ்வேறு வழிகளில் வந்து சேர்கிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: மேடம், இடது மூளையையும் வலது மூளையையும் இணைக்கும் பாலம் பெண்களுக்குத் தடிமனாக இருக்குமாம். அதனால்தான் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறார்கள் என்று எங்கள் பேராசிரியரே சொன்னார். உண்மையா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் பாலத்தின் பெயர் கார்பஸ் கலோசம். 1982இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. அதில் ஆராய்ந்த மூளைகள் மொத்தம் 14. ஆண்கள் 9, பெண்கள் 5. பாலத்தின் பின்பகுதி பெண்களிடம் பெரிதாகவும் உருண்டையாகவும் இருக்கிறது என்றார்கள். அவ்வளவுதான், பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பெண்ணின் உள்ளுணர்வு, உணர்ச்சியைப் பேசும் திறன், பல வேலை செய்யும் திறன் எல்லாவற்றுக்கும் அந்தப் பாலமே விளக்கமானது. பிறகு பலர் அளந்து பார்த்தார்கள். 1997இல் அப்படிப்பட்ட 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பின்பகுதியின் அளவிலோ வடிவத்திலோ நம்பத்தக்க வேறுபாடு தென்படவில்லை. முதல் செய்தி போன தூரத்துக்கு இந்தத் திருத்தம் போகவில்லை. உங்கள் பேராசிரியர் மீது வருத்தப்படாதீர்கள், அவர் படித்த புத்தகத்தில் பழைய செய்தியே இருந்திருக்கும்.

சரி, பல வேலைத் திறன்? 2019இல் ஜெர்மனியில் 48 ஆண்களையும் 48 பெண்களையும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்யவும், வேலை மாற்றி வேலை செய்யவும் வைத்தார்கள். இருபாலருக்கும் வேகம் குறைந்தது, பிழை கூடியது. இரு தரப்புக்கும் இடையில் வேறுபாடு இல்லை. "உன் மூளை அப்படி, நீயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்" என்று வீட்டு வேலை முழுவதையும் ஒருவர் தலையில் கட்டுவதற்கு மூளையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

கேள்வி: பெண்கள் ஒரு நாளைக்கு 20,000 வார்த்தை, ஆண்கள் 7,000 வார்த்தைதான் பேசுகிறார்களாமே?

உடையில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி 396 கல்லூரி மாணவர்களிடம் உண்மையாகவே அளந்தார்கள். 2007இல் முடிவு வந்தது. பெண்கள், ஆண்கள் இருவருமே நாளொன்றுக்குச் சுமார் 16,000 வார்த்தைகள் பேசினார்கள்.

கேள்வி: எனக்கு வரைபடம் பார்த்தால் திசையே புரியாது. என் கணவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். இது பெண் மூளையின் குறையா, என்னுடைய குறையா?

இரண்டும் இல்லை. ஆனால் நீங்கள் தொட்டிருக்கும் விஷயத்தில் உண்மையான சராசரி வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஓர் உருவத்தை மனத்துக்குள்ளேயே திருப்பிப் பார்த்து, மற்ற உருவத்தோடு பொருந்துகிறதா என்று சொல்லும் சோதனையில் ஆண்களின் சராசரி தெளிவாகவே கூடுதல். அறிவுத்திறன் சோதனைகளில் காணப்படும் பெரிய வேறுபாடுகளில் இது ஒன்று. சொற்களை நினைவில் வைப்பதிலும், பொருள்கள் இருந்த இடத்தை நினைவில் வைப்பதிலும் பெண்களின் சராசரி சற்றுக் கூடுதல்.

இந்தத் திறன் பயிற்சியால் வளரும். 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 10 மணி நேரம் விறுவிறுப்பான வீடியோ கேம் ஆடியதிலேயே இருபாலருக்கும் இருந்த இடைவெளி வெகுவாகக் குறைந்தது. அப்புறம், லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையை எலினோர் மகுவயர் ஆராய்ந்து 2000இல் வெளியிட்டதை எண்ணிப் பாருங்கள். ஊரின் தெருக்களையெல்லாம் மனப்பாடம் செய்த அவர்களுக்கு, இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. ஆகவே வளர்ந்தவரின் மூளையில் ஒரு வேறுபாட்டைப் பார்த்தவுடனே "பிறவியிலேயே இப்படி" என்று முடிவு கட்டுவது அவசரம். எத்தனை வருடம் யார் எதைச் செய்தார்கள் என்பதும் அந்தப் படத்தில் கலந்திருக்கிறது. அடுத்த பயணத்தில் வரைபடத்தை நீங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஆண் மூளை, பெண் மூளை என்று இரண்டு வகையே இல்லை என்கிறீர்களா?

சில பறவைகளில் இருக்கிறது. கேனரிப் பறவைகளில் பாட்டுக்கான மூளைப் பகுதிகள் ஆணிடம் பல மடங்கு பெரியவை என்று 1976இல் நாட்டிபாமும் ஆர்னால்டும் காட்டினார்கள். அங்கே பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும். மனித மூளையில் அப்படிப்பட்ட பிளவு இல்லை. டாஃப்னா ஜோயலும் கூட்டாளிகளும் 2015இல் 1,400க்கும் மேற்பட்ட மூளைகளைப் பார்த்தார்கள். எல்லாப் பகுதிகளும் "ஆண் பக்கம்" அல்லது எல்லாப் பகுதிகளும் "பெண் பக்கம்" என்று அமைந்த மூளைகள் மிகச் சில. பெரும்பாலானவை கலவை. மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள்: பல பகுதிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் அது ஆணா பெண்ணா என்று கணிக்க முடிகிறதே என்றார்கள். இரண்டுமே சரி. ஒரு மூளையின் பாலை ஓரளவு கணிக்கலாம். பாலை வைத்துக்கொண்டு ஒருவருடைய மூளை எப்படி இருக்கும், அவருக்கு எது வரும், எது வராது என்று கணிக்கத்தான் முடிவதில்லை.

கேள்வி: மகனுக்குக் கார் பொம்மை, மகளுக்குச் சமையல் சாமான். நாங்கள் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியானால் பிறவிதானே?

பிறவிக்கும் பங்கு உண்டு. கருவில் சுமார் 8 வாரத்திலிருந்து ஆண் சிசுவின் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகின்றன. பிறப்புக்கு முந்தைய ஹார்மோன் பின்னாளின் நடத்தையை மாற்றும் என்பதை 1959இலேயே கினிப்பன்றிகளில் காட்டினார்கள். அட்ரினல் சுரப்பிக் கோளாறால் கருவில் ஆண் ஹார்மோனை அதிகம் பெற்ற பெண் குழந்தைகளும், சராசரியாகப் பையன்களின் பொம்மைகளை அதிகம் விரும்புகிறார்கள்.

"எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை" என்றீர்களே, அங்கேதான் தயங்குகிறேன். 1976இல் வந்த ஓர் ஆய்வில், திடீரென்று துள்ளி எழும் பொம்மையைப் பார்த்து அழும் குழந்தையின் படக்காட்சியைப் பெரியவர்களுக்குக் காட்டினார்கள். அது பையன் என்று சொல்லக் கேட்டவர்கள் அந்த அழுகையைக் கோபம் என்றார்கள். பெண் என்று சொல்லக் கேட்டவர்கள் பயம் என்றார்கள். குழந்தை ஒன்றுதான், அழுகையும் ஒன்றுதான். நாம் அறியாமலே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வேறுபாடு இவ்வளவு சிறியது என்றால் அதை ஏன் ஆராய வேண்டும்? விட்டுவிடலாமே?

விடக் கூடாது. எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். மனச்சோர்வு பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. ஒற்றைத் தலைவலியும் பெண்களிடம் மிக அதிகம். ஆட்டிசம் என்று அறியப்படுபவர்களில் ஆண் குழந்தைகள் மூன்று, நான்கு மடங்கு. பெண் குழந்தைகள் பலர் கண்டறியப்படாமலே போகிறார்கள். பார்கின்சன் நோய் ஆண்களிடம் சுமார் ஒன்றரை மடங்கு. இவை ஏன் என்று தெரிந்தால் மருந்து கிடைக்கும்.

ஆனால் பல பத்தாண்டுகளாக நரம்பியல் ஆய்வகங்கள் ஆண் எலிகளையே நம்பின. ஒரு பாலை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் பெண் விலங்குகளுக்கு 1 என்றால் ஆண் விலங்குகளுக்கு 5.5 என்று பிறகு கணக்கிட்டார்கள். பெண் விலங்குகளின் ஹார்மோன் சுழற்சி முடிவுகளைக் குழப்பும் என்பது சாக்கு. 2014இல் சோதித்துப் பார்த்தால், பெண் எலிகளின் முடிவுகள் ஆண் எலிகளைவிட அதிகம் அலைபாயவில்லை. சோல்பிடெம் என்ற தூக்க மருந்தைப் பாருங்கள். பல ஆண்டுகள் இருபாலருக்கும் ஒரே அளவு. பெண்களின் உடலில் அது மெதுவாகக் கழிவதால், காலையில் வண்டி ஓட்டும்போதும் இரத்தத்தில் மருந்து மிச்சம் இருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல்தான் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. இது மூளையின் வேறுபாடு அல்ல, மருந்தை உடல் கழிக்கும் வேகம். ஆனால் மூளையில் வேலை செய்யும் மருந்தை யாரிடம் சோதித்தோம் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

கேள்வி: என் பையனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசுகிறான். பையன்கள் லேட்டாகத்தான் பேசுவார்கள், மூளை அப்படி, காத்திரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா, மேடம்?

காத்திருக்காதீர்கள், அம்மா. பையன்கள் சராசரியாகச் சற்றுத் தாமதமாகப் பேசத் தொடங்குவது உண்மை. அந்த இடைவெளி மிகச் சிறியது. இரண்டு வயதில் ஒன்றிரண்டு வார்த்தை மட்டுமே என்பதை அது விளக்காது. முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா, சொல்வது அவனுக்குப் புரிகிறதா என்பதையெல்லாம் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிட்டால் நிம்மதியாகத் திரும்பி வாருங்கள். இந்த வாரமே போய்விடுங்கள்.