ஃப்ரேமில் காலியிடம் எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஒளிப்பதிவாளரின் பதில்கள்

கேள்வி: விமர்சனங்களில் 'ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம்' என்று எழுதுகிறார்கள். அழகாக இருந்தால் அது நல்ல ஃப்ரேம்தானா? (கும்பகோணம் வாசகி)

நான் உதவியாளனாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கடன் கிடைக்காமல் ஊர் திரும்பும் விவசாயி ஒருவர் வரப்பில் நடந்து வர வேண்டும். அந்த ஒரு ஷாட்டை என்னிடம் விட்டிருந்தார்கள். சாயங்கால நேரம், வானம் செக்கச்செவேல் என்று இருந்தது. முக்கால் ஃப்ரேமை வானத்துக்கே கொடுத்துவிட்டேன். ரஷ், அதாவது எடிட் செய்யாமல் எடுத்தபடியே போட்டுக் காட்டியதைப் பார்த்த எல்லோரும் வானத்தைப் புகழ்ந்தார்கள். என் கேமராமேன் மட்டும், "அந்த ஆள் கையில என்ன வச்சிருந்தார்?" என்று கேட்டார். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நிலப் பத்திரம் வைத்த மஞ்சள் பை. கதையே அந்தப் பையில்தான் இருந்தது. பை ஆடுவது தெரிகிற தூரத்தில், உச்சி வெயிலில், மறுநாள் திரும்ப எடுத்தோம். படத்தில் இருப்பது அந்த ஷாட்தான்.

அதற்கப்புறம் ஃப்ரேம் வைக்கும்போது இரண்டைத்தான் பார்க்கிறேன். பார்ப்பவர் கண் முதலில் எங்கே போகும்? ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறேன்?

சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) படத்தின் தொடக்கத்தைத் தேடிப் பாருங்கள். ஒளிப்பதிவு சுப்ரதா மித்ரா. பெரிய வீட்டில் பொழுது போகாத சாரு, கைப்பிடி வைத்த ஒரு சின்ன தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய், மரச்சட்டங்களின் இடுக்கு வழியாகத் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாள். அவளுக்குக் கிடைத்த வெளியுலகம் அந்த இடுக்கு அளவுதான். பிறகு கணவன் பூபதி புத்தகத்தில் கண்ணை வைத்தபடியே அவளைத் தாண்டிப் போகிறான். அங்கே ஒருத்தி நிற்பதையே கவனிக்கவில்லை. தெருவைப் பார்த்த அதே கண்ணாடியைத் தூக்கி, போகிற அவனைப் பார்க்கிறாள் சாரு. நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம், ஆனால் அவனைப் பார்க்கத் தூரக்கண்ணாடி வேண்டியிருக்கிறது! கண்ணாடியை அவள் இறக்கியதும் ஃப்ரேம் சட்டென்று விரிந்து அவளைத் தனியாக விட்டுவிடுகிறது. அந்த இடத்தில் வசனமே கிடையாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: கதை முழுக்க ஒரே அறையில் நடந்தால் கேமராமேனுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது? (ஈரோடு வாசகர்)

அங்கேதான் வேலையே அதிகம். சிட்னி லூமெட் இயக்கி, போரிஸ் காஃப்மன் ஒளிப்பதிவு செய்த '12 ஆங்ரி மென்' 1957இல் வந்தது. கொலை வழக்கில் முடிவு சொல்ல வேண்டிய 12 பேர், ஒரு மேஜை, புழுக்கமான ஓர் அறை. 96 நிமிடப் படத்தில் சில நிமிடங்கள் தவிர எல்லாம் அந்த அறைக்குள்தான்.

படத்தின் முதல் பகுதியில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருக்கும். நடுப்பகுதியில் கண்மட்டத்துக்கு இறங்கும். கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடும். அதனால் முடிவு நெருங்க நெருங்கத் தலைக்கு மேல் கூரை தெரிய ஆரம்பிக்கிறது. லென்ஸையும் படிப்படியாக நீளமாக்கிக்கொண்டே போனார்கள். நீளமான லென்ஸில் பின்னால் இருப்பது கிட்டே வந்த மாதிரித் தெரியும், சுவர் முதுகில் வந்து ஒட்டிக்கொள்ளும். அறை அதே அறைதான், நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது. எல்லாம் முடிந்து வெளியே வரும்போது, மழை ஓய்ந்த கோர்ட் படிக்கட்டை வைடு லென்ஸில் காட்டுகிறார்கள். அப்போதுதான் நாமும் மூச்சு விடுகிறோம். ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு, கூரை எப்போது எட்டிப் பார்க்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: ஃப்ரேமை மூன்றாகப் பிரித்து, கோட்டின் மேல்தான் ஆளை நிறுத்த வேண்டும் என்கிறார்களே? (சிவகாசி வாசகர்)

பழகுவதற்கு நல்ல வழி, சட்டம் இல்லை. 2013இல் வந்த போலந்துப் படம் 'இடா'வில் கன்னியாஸ்திரீ ஆகப்போகிற பெண்ணைப் பல ஷாட்களில் ஃப்ரேமின் அடி ஓரத்தில் வைத்திருப்பார்கள். தலைக்கு மேல் அத்தனையும் வெற்றிடம். ஹெட்ரூம் இவ்வளவு விட்டால் எங்கள் காலத்தில் திட்டு விழும். ஆனால் அந்தக் கதைக்கு அதுதான் சரி.

கேள்வி: செல்போனில் குறும்படம் எடுத்தேன். வெளியூரில் வேலை கிடைத்ததை மகன் சமையலறையில் அம்மாவிடம் சொல்கிறான். எல்லாம் குளோசப். அம்மா நன்றாக அழுதும், பார்த்தவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கே தப்பு? (திருநெல்வேலி கல்லூரி மாணவர்)

தம்பி, குளோசப்பில் முகம் தெரியும், இருவருக்கும் நடுவில் இருக்கிற தூரம் தெரியாது. உங்கள் கதையோ அந்தத் தூரத்தைப் பற்றியது.

போனை ஹாலில் வையுங்கள். சமையலறை வாசல் நிலையே ஃப்ரேமுக்குள் இன்னொரு சட்டமாக இருக்கட்டும். உள்ளே அம்மா நமக்கு முதுகு காட்டித் தேங்காய் துருவுகிறார். மகன் நிலையில் சாய்ந்து நிற்கிறான். உள்ளே போகவில்லை என்பது முக்கியம். சேதியைச் சொல்கிறான். துருவுகிற சத்தம் நிற்கிறது. குளோசப் வேண்டுமென்றால் இங்கே ஒன்றே ஒன்று போதும், அதுவும் அந்தக் கைக்கு. கை மறுபடி துருவ ஆரம்பிக்கிறது.

பேச்சு தொடர்ந்தால், ஒருவர் தோளை முன்னால் வைத்து அடுத்தவரைக் காட்டுங்கள். சஜஷன் ஷாட் என்போம். தோள் ஃப்ரேமில் இருக்கும்வரை இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். மனசு விலகுகிற வரி வந்ததும் தோளை எடுத்துவிடுங்கள்.

கடைசியில் அவன் ஊருக்குப் போன பிறகு, முதலில் எடுத்த அதே ஹால் ஷாட். அம்மா அதே இடத்தில். நிலையில் ஆள் இல்லை. உயரமும் கோணமும் இம்மி பிசகக் கூடாது, பிசகினால் காலியான இடம் கண்ணில் படாது. அதனால் முதல் ஷாட் எடுக்கும்போதே ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் தரையில் சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள். அன்றைக்கு அம்மாவை வீடு பெருக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.