சென்னைக்குப் போய்வர எங்கே குடியிருப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கும்பகோணத்தில் கணக்காளராக இருக்கும் என்னை எங்கள் நிறுவனம் கிண்டி தொழிற்பேட்டையில் உள்ள அலுவலகத்துக்கு மாற்றியிருக்கிறது. செவிலியரான என் மனைவிக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாறுதல் கிடைத்துள்ளது. மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. எல்லா வசதியும் உள்ள தாம்பரத்தில் வீடு பார்க்கும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். இருவருக்கும் நடுவில் இருக்கும் கூடுவாஞ்சேரிதான் நியாயம் என்கிறார் மாமனார். எங்களுக்கு எந்த ஊர் பொருந்தும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மாமனார் சொல்வது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ரயில் வழியில் ‘நடு’ என்பது பல நேரங்களில் இரண்டு பேருக்கும் சிரமமான இடமாகவே அமைந்துவிடுகிறது. கூடுவாஞ்சேரியில் குடியிருந்தால், காலையில் செங்கல்பட்டிலிருந்து ஏற்கெனவே நிரம்பி வரும் மின்சார ரயிலில் நீங்கள் நின்றுகொண்டு கிண்டிக்குப் போவீர்கள்; உங்கள் மனைவியும் எதிர்த்திசையில் ரயிலையோ பேருந்தையோ எதிர்பார்த்து நிற்பார். பள்ளியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி வந்தால், உடனே போய் அழைத்துவர இருவரில் ஒருவரும் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். பயணத் தூரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வதைவிட, யாருடைய பணிநேரம் வளைந்துகொடுக்காதது என்று முதலில் பார்ப்பதே பயன் தரும்.

உங்கள் வீட்டில் அது மனைவியின் பணி. முறை மாறி மாறி வரும் வேலை. இரவுப் பணியும் உண்டு, விடியற்காலையில் போய் இரவுப் பணியில் இருப்பவரை விடுவிக்க வேண்டிய பணியும் உண்டு. கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே அடிக்கடி ஓடும் ரயில்களில் கணிசமானவை தாம்பரத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குத் தெற்கே வண்டிகளின் எண்ணிக்கை குறைவு. இரவு ஏற ஏற இன்னும் குறையும். ஒரு வண்டி தவறினால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டிய பாதையில், நேரம் தவறக்கூடாதவரைப் பயணம் செய்யவைப்பது சரியாகாது. ஆகவே செங்கல்பட்டிலேயே, மருத்துவமனைக்கும் ரயில் நிலையத்துக்கும் இருசக்கர வாகனத்தில் எளிதாகப் போகக்கூடிய பகுதியில் வீடு பாருங்கள் என்பதே என் கருத்து.

இதனால் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது என்பதை மறைக்கவில்லை. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், செங்கல்பட்டு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு ரயிலில் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை கணக்கிட்டால், நல்ல நாளிலேயே ஒன்றே முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செங்கல்பட்டில் புறப்படும் வண்டியில் உங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். தாம்பரத்திலிருந்து அரை மணி நேரம் நெரிசலில் தொங்கிக்கொண்டு போவதையும், ஒரு மணி நேரம் சன்னலோரத்தில் அமர்ந்து செய்தித்தாளை முடிப்பதையும் கடிகாரத்தை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. மாலையில்தான் கஷ்டம். கடற்கரையிலிருந்து வரும் வண்டி கிண்டிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். கூட்டம் பெருமளவு இறங்கும் தாம்பரம் வரை நின்றே வர வேண்டியிருக்கும். அலுவலகத்தில் அரை மணி நேரம் முன்னதாக வந்து முன்னதாகப் புறப்பட அனுமதி கிடைக்குமா என்று, வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அந்த அரை மணி நேரம் மாலைப் பயணத்தையே மாற்றிவிடும்.

அலுவலகம் கிண்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. நடக்கும் தூரம் என்றால் மேலே சொன்னது அப்படியே பொருந்தும். அங்கிருந்து மீண்டும் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும் என்றால், நாளுக்கு இருமுறை அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரே உங்களைக் களைப்பாக்கிவிடும். அப்போது சிங்கப்பெருமாள் கோயில், மறைமலை நகர் போன்ற, செங்கல்பட்டுக்கு இரண்டு மூன்று நிலையங்கள் முன்னால் உள்ள ஊர்களையும் சேர்த்துப் பாருங்கள். அங்கிருந்து உங்கள் மனைவியால் அவசரத்துக்கு இருசக்கர வாகனத்திலேயே மருத்துவமனைக்குப் போய்விட முடியும்.

காரில் போய்வரலாம் என்ற எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். பரனூர் சுங்கச்சாவடிக் கட்டணத்தையும் பெட்ரோலையும் விடப் பெரிய தொல்லை, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசல்தான்; பொங்கல், தீபாவளி சமயத்தில் பெருங்களத்தூரிலிருந்து வண்டிகள் ஊர்ந்து செல்வதை நீங்களே பேருந்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகளுக்காகக் கோயம்பேடு வரை போக வேண்டிய தேவை உங்களுக்கு இருக்காது. கும்பகோணம் வழியாகச் செல்லும் ரயில்கள் பலவும் செங்கல்பட்டில் நிற்கின்றன. ஊரில் பெற்றோர் இருப்பார்கள் என்றால் இது சின்ன வசதி அல்ல.

செலவைப் பொறுத்தவரை, மின்சார ரயிலின் இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எனவே ரயில் கட்டணத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஷேர் ஆட்டோ, வாகன நிறுத்துமிடக் கட்டணம், தாமதமான நாளில் பிடிக்கும் ஆட்டோ ஆகியவைதான் சத்தமில்லாமல் கூடிக்கொண்டே போகும். 2025 ஏப்ரலில் தொடங்கிய குளிர்சாதன மின்சார ரயில் செங்கல்பட்டு வரை ஓடினாலும், நாள் முழுவதற்கும் சில நடைகளே உள்ளன. உங்கள் நேரத்துக்கு ஒத்துவந்தால் கோடையில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்குச் சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை. ஆவடியில் என் தங்கை சொந்த வீட்டில் இருக்கிறாள். தன் வீட்டிலேயே தங்கட்டும் என்று வற்புறுத்துகிறாள். மகளோ விடுதிக்குப் போகிறேன் என்கிறாள். வயதுப் பெண்ணைத் தனியே விட மனம் வரவில்லை.
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் தங்கையின் அன்பைக் குறைத்துச் சொல்லவில்லை; ஆனால் ஆவடி சென்னையின் மேற்கு மூலை, சோழிங்கநல்லூர் தென்கிழக்கு மூலை. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பூங்கா நிலையத்துக்கு நடந்து வேறொரு ரயில், பிறகு பழைய மகாபலிபுரம் சாலைக்குப் பேருந்து என்று ஒரு வழிக்கே மூன்று வண்டிகள் மாற வேண்டும். அந்தச் சாலையில் புறநகர் ரயில் கிடையாது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான மெட்ரோ பாதை அதன் வழியாக அமையவிருப்பது உண்மைதான். ஆனால் தூண் எழும்பியிருப்பதைப் பார்த்து இன்றைய குடியிருப்பை முடிவு செய்யாதீர்கள். ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அவள் இடம் மாறிக்கொள்ளலாம்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் பேருந்து நிறுத்தங்களில் தனியே நிற்கும் பெண்ணைவிட, அலுவலகத்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் அறைக்குத் திரும்பிவிடும் பெண்ணே பாதுகாப்பாக இருக்கிறாள். விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது, பெண்கள் மற்றும் குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தும் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பெற்ற உரிமச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள். பணிபுரியும் மகளிருக்காக அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் உள்ளன. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்குப் பேருந்து வசதி உண்டு; சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமும் இல்லை. ஆனாலும் நிறுவனத்திடம் ஒன்றைக் கேட்டு வரச் சொல்லுங்கள்: இரவில் ஊழியர்களை இறக்கிவிடும் வண்டி எந்த எல்லை வரை வருகிறது? அந்த எல்லைக்குள் இருக்கும் விடுதியை முதலில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சித்தி வீட்டுக்குப் போய் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வரட்டும்.

கேள்வி: எழும்பூரில் அரசு அலுவலகப் பணி. காஞ்சிபுரத்தில் சொந்த வீடு. வயதான தாயாரை விட்டு வர முடியாது. தினமும் போய்வருவது சாத்தியமா?
– வாசகர், காஞ்சிபுரம்

பதில்: சாத்தியமே, பலர் போய்வருகிறார்கள். உங்களுக்குச் சாதகம், பணிநேரம் நிலையானது. பாதகம், செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் இடையிலான பாதை ஒற்றை வழி. காஞ்சிபுரத்திலிருந்து நேராகச் சென்னைக்கு வரும் வண்டிகள் சிலவே, எதிர்வண்டிக்காக நின்று தாமதமாவதும் உண்டு. திருப்பெரும்புதூர் வழியாக வரும் பேருந்தை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்பதால் அதில் தடையில்லை. முதலில் மூன்று மாதச் சீசன் எடுக்காமல் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, உடம்பு தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கவில்லை என்றால் வாரத்தில் இரண்டு இரவு நகரில் நண்பர்களோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, மற்ற நாட்களில் வீடு திரும்பும் ஏற்பாடு தாயாருக்கும் ஒத்துவரலாம்.

கேள்வி: ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, முடிச்சூர் பக்கம் மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்ட நினைக்கிறோம். ‘நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்’ என்று விளம்பரம் வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, திண்டிவனம்

பதில்: அந்த ஐந்து நிமிடத்தை நீங்களே நடந்து பாருங்கள், நடுப்பகலில் வேண்டாம், காலை எட்டு மணிக்கு, ரயில் பாதையைக் கடந்து, பிளாட்பாரம் ஏறி. நிலையத்தின் எந்தப் பக்கம் மனை இருக்கிறது என்பதும் பாதையைக் கடக்க மேம்பாலமோ சுரங்கப்பாதையோ இருக்கிறதா என்பதும் அந்த ஐந்து நிமிடத்தை இருபது நிமிடமாக்கிவிடும்.

அடுத்தது தண்ணீர். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்து, தண்டவாளம் போன வழியே வீடுகளும் போயின. தண்ணீர் போகும் வழியை யாரும் கேட்கவில்லை. நந்திவரம், ஊரப்பாக்கம், ஆதனூர், மண்ணிவாக்கம் பகுதிகளின் ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. அவற்றின் உபரிநீர் அடையாற்றுக்குச் செல்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரில் வெள்ளம் புகுந்தது. அதன் பிறகு மழைநீர்க் கால்வாய்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பதால் அந்த ஊர்களையே ஒதுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஊரில் ஒரு தெரு மேடாகவும் அடுத்த தெரு பள்ளமாகவும் இருக்கும். தரகரிடம் கேட்காமல், அந்தத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் 2015-இல் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் கைவைத்தே காட்டுவார்கள். பேரம் பேசும் வேலையை நவம்பர், டிசம்பருக்குத் தள்ளிப்போட்டு, பெருமழைக்கு மறுநாள் மனையில் போய் நில்லுங்கள்.

ஆவணங்களில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், உங்கள் புல எண்ணுக்குரிய பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிபார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்டது என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விளம்பரத்திலேயே அந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். கூடவே புல வரைபடத்தை எடுத்து, ஏரி, ஓடை, வாய்க்கால், நீர்ப்பிடிப்பு என்று எதுவும் மனையை ஒட்டி இருக்கிறதா என்று ஒரு நில அளவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். வங்கி கடன் கொடுத்துவிட்டது என்பது வெள்ளம் வராது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

இன்னொன்று: முடிச்சூரில் ரயில் நிலையம் இல்லை, தாம்பரத்துக்கோ பெருங்களத்தூருக்கோ வந்துதான் வண்டி ஏற வேண்டும். வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலத்தையாவது அதே பகுதியில் வாடகை வீட்டில் கழித்துப் பார்ப்பது நல்லது. பதினோரு மாத வாடகை வீணாகிறதே என்று தோன்றும். தவறான தெருவில் கட்டிய வீட்டை விற்பதோடு ஒப்பிட்டால் அந்த வாடகை மலிவுதான்.

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. ஆவடியா, திருவள்ளூரா?
– வாசகர், ஆற்காடு

பதில்: ஆவடி. இரவுப் பணி முடிந்து ரயில் இல்லை என்றாலும் அங்கிருந்து இருசக்கர வாகனத்தில் போய்வந்துவிடலாம். சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 42 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருவள்ளூருக்கு அப்படிப் போக முடியாது. தொழிற்பேட்டைக்குப் பட்டரவாக்கம் நிலையம் பக்கம். சில விரைவு மின்சார ரயில்கள் சிறிய நிலையங்களில் நிற்பதில்லை என்பதால், உங்கள் ஷிப்ட் நேரத்துக்கு அங்கே எந்த வண்டி நிற்கிறது என்று கால அட்டவணையில் பார்த்த பிறகு வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.