ஸ்டாலின் காலத்தில் சாதாரண ரஷ்யர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அவரை வெறுத்தார்களா, விரும்பினார்களா?

கேட்டிருப்பது சோவியத் ஸ்டாலினைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன், நம்மூர்க்காரரை அல்ல.

பயந்தார்கள், விரும்பவும் செய்தார்கள். பயந்தவர்கள் ஒரு கூட்டம், விரும்பியவர்கள் இன்னொரு கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்தான்.

90-களின் கடைசியில் நான் வோல்கோகிராடில் மருத்துவம் படித்தேன். (1961 வரை அந்த ஊரின் பெயர் ஸ்டாலின்கிராட்.) எனக்கு அறை வாடகைக்கு விட்ட பாட்டியின் அப்பாவை 1937-ல் ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டிப் போனார்கள், மனிதர் திரும்பவே இல்லை. அதே பாட்டி, கடையில் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் "ஸ்டாலின் இருந்தப்போ வருஷா வருஷம் விலையைக் குறைப்பார்" என்று புலம்புவார். அது பொய்யில்லை. 1947 டிசம்பரில் ரேஷனை நிறுத்திய பிறகு, அநேகமாக ஒவ்வொரு வருடமும் விலைக் குறைப்பு அறிவிப்பு வந்தது. ஆனால் அதே டிசம்பரில், வீட்டில் சேர்த்து வைத்திருந்த பத்து ரூபிளுக்கு ஒரு புது ரூபிள்தான் கொடுத்தார்கள். அதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். கிராமத்துக்கு ஒரு பதில், நகரத்துக்கு வேறு பதில்.

கிராமத்தில் அன்புக்கு இடமே இல்லை என்றுதான் சொல்வேன். 1929-லிருந்து நிலம், மாடு, கலப்பை எல்லாம் கூட்டுப்பண்ணைக்குப் போயின. கொஞ்சம் வசதியாக இருந்தவர், அல்லது எதிர்த்துப் பேசியவர், 'குலாக்' (பணக்கார விவசாயி) என்று முத்திரை குத்தப்பட்டார். 1930, 31 ஆகிய இரண்டே வருடங்களில் சுமார் 18 லட்சம் பேரைக் குடும்பத்தோடு சைபீரியா, யூரல், வடக்குப் பகுதிகளுக்கு ஏற்றி அனுப்பினார்கள். அடுத்து 1932-33 பஞ்சம். உக்ரைன், கஜகஸ்தான், வோல்கா கரை, வடக்கு காகசஸ் எல்லாம் சேர்த்து 50 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். அந்தப் பஞ்சத்துக்கு நடுவில், 1932 ஆகஸ்ட் 7-ல் ஒரு சட்டம் வருகிறது: கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் சுட்டுக்கொல்லலாம், இரக்கம் காட்டினால் 10 வருடம் சிறை. அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கிய பெண்களும் இதில் உள்ளே போனார்கள். வருடக் கடைசியில் உள்நாட்டுப் பாஸ்போர்ட் வந்தது. நகரத்தாருக்குக் கொடுத்தார்கள், பெரும்பாலான பண்ணை விவசாயிகளுக்குக் கொடுக்கவில்லை. அது இல்லாமல் ஊரைவிட்டு வேறு இடத்தில் குடியேற முடியாது. எல்லா விவசாயிகளுக்கும் கொடுப்பது என்று முடிவானதே 1974-ல்தான். "மறுபடியும் பண்ணையடிமை ஆகிவிட்டோம்" என்று கிராமத்தில் பேசிக்கொண்டார்கள். பழைய பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-ல். அதை அனுபவித்த கிழவர்கள் சிலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள்.

நகரத்தில் வாழ்க்கை என்றால் 'கொம்முனால்கா'. பழைய பெரிய வீடு ஒன்றில் அறைக்கு ஒரு குடும்பம். சமையலறை, கழிப்பறை பொது. வாசல் மணியை ஒரு தடவை அடித்தால் ஒரு குடும்பம், இரண்டு தடவை அடித்தால் அடுத்த குடும்பம்; யாருக்கு எத்தனை என்று கதவிலேயே எழுதியிருக்கும். சமையலறையில் ஆளுக்கொரு பம்ப் ஸ்டவ். கழிப்பறைக்குக்கூட ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி பல்பு, சுவிட்ச் அவரவர் அறைக்குள்! பெரிய அறைகளைப் பலகை வைத்துத் தடுத்திருப்பார்கள், புருஷன் பெண்டாட்டி பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். அறைக்கு ஆசைப்பட்டுப் பக்கத்து அறைக்காரர்மேல் மொட்டைக் கடுதாசி போட்டவர்களும் உண்டு. அவரைக் கூட்டிப்போய்விட்டால் அறை காலி.

இதே நகரத்தில்தான் ஸ்டாலினை மனதார விரும்பியவர்களும் இருந்தார்கள். கைநாட்டு வைத்த விவசாயியின் மகன் இரவுப் பள்ளியில் படித்து இன்ஜினியர் ஆனான், 1935-ல் திறந்த மாஸ்கோ மெட்ரோவில் பளிங்குத் தூண்களுக்கு நடுவே போய் வந்தான். மேலே இருந்தவர்களைக் கைது செய்யச் செய்ய, கீழே இருந்தவர்களுக்குப் பதவி கிடைத்தது. அப்படி உயர்ந்தவரிடம் போய் ஸ்டாலின் கெட்டவர் என்றால் ஒத்துக்கொள்வாரா?

1937, 38-ல் மட்டும் அரசியல் குற்றம் என்று சுமார் 15 லட்சம் பேரைப் பிடித்து, 6 லட்சத்து 80 ஆயிரம் பேரைச் சுட்டார்கள். இத்தனை பேரைச் சுட வேண்டும், இத்தனை பேரைக் கைதிகளின் உழைப்பு முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று மாகாணவாரியாக இலக்கு போட்டே உத்தரவு போனது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் கட்சித் தலைவர்கள் இல்லை. பழைய 'குலாக்'குகள், பாதிரியார்கள், போலந்து, ஜெர்மன் வம்சாவளியினர், சும்மா வாயைக் கொடுத்தவர்கள். பெண்கள் சிறை ஜன்னல் முன்னால் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். கொண்டுபோன பணத்தை வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். சுட்டுவிட்ட ஆளாக இருந்தால், "10 வருடம் சிறை, கடிதம் எழுத அனுமதியில்லை" என்பார்கள். குடும்பமும் 10 வருடம் எண்ணிக்கொண்டு காத்திருக்கும். ஸ்டாலின் செத்த பிறகும் இந்தப் பொய் நிற்கவில்லை. முகாமில் நோயால் இறந்தார் என்று, தேதியும் காரணமும் இட்டுக்கட்டிச் சொல்லும்படி 1955-ல் உளவுத்துறையான கேஜிபி உத்தரவு போட்டது. பலருக்கு உண்மை தெரிந்தது 80-களின் கடைசியில்.

இவ்வளவுக்கும் பிறகு எப்படி விரும்ப முடிந்தது? ராஜா நல்லவர், மந்திரிகள்தான் சரியில்லை என்று நம் பக்கம் சொல்வதுபோல, அவருக்குத் தெரியாமல் கீழே இருப்பவர்கள் செய்கிறார்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவரே வளர்த்தார். 1930 மார்ச்சில் கட்சிப் பத்திரிகையான பிராவ்தாவில் கட்டுரை எழுதி, விவசாயிகளைக் கட்டாயப்படுத்தியது உள்ளூர் அதிகாரிகளின் தப்பு என்றார். கிராமத்தார் அந்தப் பத்திரிகையைக் காட்டியே கூட்டமாகக் கூட்டுப்பண்ணையைவிட்டு வெளியேறினார்கள். சில மாதங்களில் மறுபடி உள்ளே தள்ளப்பட்டது வேறு கதை. 1938 கடைசியில் உளவுத்துறைத் தலைவர் யெஷோவை இறக்கியதும், எல்லாப் பழியும் அவர் தலையில் விழுந்தது. சுட வேண்டியவர்களின் பட்டியல்களில் ஸ்டாலினே கையெழுத்துப் போட்டிருந்தது அப்போது மக்களுக்குத் தெரிய வழியில்லை. கைதானவரின் மனைவியே "தோழர் ஸ்டாலின், தலையிடுங்கள்" என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஏமாந்தார்கள் என்றும் இல்லை. வெள்ளைக்கடல் கால்வாயைக் கைதிகளை வைத்து வெட்டினார்கள் அல்லவா, அதைப் பற்றி ஒரு ஜோக்: வலது கரையை வெட்டியது யார்? ஜோக் சொன்னவர்கள். இடது கரையை? அதைக் கேட்டவர்கள். ஜோக் சொன்னதற்கே சிறைக்குப் போனவர்கள் உண்டு என்பதால் இதில் மிகை கொஞ்சம்தான்.

1953 மார்ச்சில் அவர் இறந்தபோது மாஸ்கோவில் உடலைப் பார்க்க முண்டியடித்த கூட்டத்தில் மிதிபட்டே பலர் செத்தார்கள். முகாம்களில் கைதிகள் தொப்பியைத் தூக்கி வீசினார்கள்.

இப்போது? 2019-ல் ரஷ்யாவில் லெவாதா மையம் என்ற ஆய்வு நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 70 சதவீதம் பேர் ஸ்டாலினின் பங்கு நல்லதுதான் என்றார்கள். என் பார்வையில் அதில் பெரும்பகுதி, 2 கோடியே 70 லட்சம் உயிர்களைக் கொடுத்து ஹிட்லரை வென்ற போரின் பெருமை. மிச்சம், சோவியத் உடைந்த பிறகு 90-களில் சம்பளம் வராமல் கிடந்த நாட்களின் எரிச்சல்.