நாய்க்கு ஆபரேஷன் செய்யப் பணமில்லை, வழக்கு வருமா?

கேள்வி: எங்கள் எட்டு வயது லேப்ரடாருக்குக் கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது. தனியார் கிளினிக்கில் ஆபரேஷனுக்கு 35,000 ரூபாய் கேட்கிறார்கள். அவ்வளவு பணத்துக்கு வழியில்லை. வைத்தியம் பார்க்காவிட்டால் மிருகவதை என்று போலீசில் சொல்லிவிடுவேன் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கைது செய்வார்களா?
– வாசகி, ஆவடி

பதில்: பணம் இல்லாதது குற்றம் இல்லை, பயப்படாதீர்கள். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், நியாயமாகச் செய்யக்கூடியதையெல்லாம் வளர்ப்பவர் செய்ய வேண்டும் என்கிறது (பிரிவு 3). இன்ன மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் வலியில் துடிக்கும் நாயைக் கண்டும் காணாமல் விட்டால் பிரிவு 11-இல் வழக்கு வரலாம். முதல் முறை என்றால் 10 முதல் 50 ரூபாய் அபராதம். மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி நடந்தால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. இந்த வகைக் குற்றத்துக்கு வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது.

வழக்கைவிட அவசரம் நோய்தான். சீழ் வெளியே வடியாமல் அடைபட்டிருந்தால் கருப்பை கிழிந்து, ஓரிரு நாளில் உயிர் போகலாம். ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் கருப்பையை எடுப்பதுதான் தீர்வு. நாளைக் காலையே சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. எடுத்த ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் கொண்டுபோனால் அந்தச் செலவு மிச்சமாகலாம். அன்று காலை உணவு கொடுக்க வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். வலிக்கு வீட்டில் இருக்கும் இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் கொடுத்துவிடாதீர்கள். இரைப்பையையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும்.

கிளினிக் கொடுத்த எஸ்டிமேட், ஓ.பி. சீட்டு, மருந்து பில், போன் செய்த தேதி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். யார் புகார் கொடுத்தாலும் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி.

செலவுக்குப் பயந்து தெருவிலோ காப்பகத்து வாசலிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவதும், நோயுற்ற பிராணியைத் தெருவில் சாகவிடுவதும் அதே பிரிவு 11-இல் தனித்தனிக் குற்றங்கள். காப்பகத்தில் சேர்ப்பதானால் முதலில் பேசி, அவர்கள் சம்மதித்த பிறகு ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டால், உங்கள் கையெழுத்து பெற்று அவரே வலியில்லாமல் உயிர் பிரிய ஊசி போடுவது சட்டப்படி சரி. வீட்டிலேயே விஷம் வைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 325-இன் கீழ் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை.